பக்கம் திருப்பியவன்

கண்டக்டர் அம்மா வருகிறார் என்று சொன்னபோது
எந்த பஸ் என்று கேட்டார் கோப்பிக்கடை வீராச்சாமி.
பியானோவும் வாசிப்பார், இசையும் எழுதுவார் என்றேன்.
அப்படியானால் டிக்கெட் கிழிப்பது யார் என்றார்.

பகாவ் பட்டணத்தில் நல்ல பியானோ ஒன்றே ஒன்று,
சீனப்பள்ளி மண்டபத்தில், பச்சைத் துணி போர்த்தியபடி.
இசைக்குறி படிக்கத் தெரிந்தவன் என்று
கமிட்டிக்கு அகப்பட்டவனும் ஒருவன்தான்.
பள்ளிக்கூட பேண்டில் கிளாரினெட் ஊதியவன்,
இப்போது செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்
ரசீது எழுதுகிறவன்.
ஐம்பது வெள்ளி தருவதாகச் சொன்னார்கள்,
பக்கம் திருப்ப.

மரகதம் சவரிமுத்து.
லயம் இவர் ரத்தத்தில் ஓடுகிறது என்றது அழைப்பிதழ்.
நாலாம் லயம், ஏழாம் நம்பர் வீடு என்று
திருத்தினார் அவர்.
லண்டன், ராட்டர்டாம், கோத்தன்பர்க் என்று அச்சடித்திருந்தார்கள்.
அச்சடிக்காததை ஒத்திகையில் அவரே சொன்னார்,
ஆ செங் ஹேர் டிரையரால்
ஈரம் ஏறிய கட்டைகளுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தபோது.
கப்பலில் இரண்டு வருடம்,
சாப்பிடுகிறவர்களின் முதுகுக்கு வாசித்தது.
பாலே வகுப்பில் ஆறு வருடம், ஒன்று இரண்டு மூன்று.
தலைமை நடத்துநருக்குச் சிறுநீரகத்தில் கல் அடைத்த ராத்திரி
கோல் இவர் கைக்கு வந்தது.
"அந்தக் கல்லுக்கு நான் கடன்பட்டவள், தம்பி."
எழுதியவை பதினாலு.
மேடை ஏறியவை நாலு.
யாரோ இரண்டாம் முறையும் வாசித்தது ஒன்று.

நடுவில் ஒரு கட்டை, அமுக்கினால் எழவில்லை.
எவ்வளவு சூடு காட்டியும் எழவில்லை.
பென்சிலை எடுத்து, தான் எழுதிய தாளில்
அந்த ஸ்வரம் வரும் இடமெல்லாம்
ஓய்வுக்குறி போட்டார். பதினேழு இடம்.
மற்றவர்கள் எழுதியதில் என்ன செய்வீர்கள் என்றேன்.
"செத்தவர்களை நான் திருத்துவதில்லை.
அங்கே சுண்டுவிரலால் தூக்கிவிட்டுக்கொள்வேன்."

ஐந்து மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது.
தலை நிமிர்ந்தார்.
ஆர்க்கெஸ்ட்ரா சுருதி சேர்க்கிற 'ஏ'-வுக்கு
மயிரிழை கீழே என்றார்.
"அப்போதும் கீழேதான்."

எட்டு மணி. நாற்காலி நூற்றிருபது, ஆள் அறுபத்தொன்று.
அவருக்கு இடப்பக்கம் நான், மூச்சையும் எண்ணிக்கொண்டு.
இரண்டு கையும் கட்டைகளுக்குப் போய்விட்டால்
மிஞ்சுவது தாடை.
அரை அங்குலம் இறங்கும், அவ்வளவுதான்.
என் கை எழுந்துவிடும், என்னைக் கேட்காமல்.
எண்பது பேர் வயலினும் எக்காளமுமாய்
காத்திருப்பது இதற்குத்தானா.

மூன்றாவது, அவருடையது.
அப்போது பிடித்தது மழை.
தகரக் கூரைமேல் லாரி லாரியாய்க் குலை கொட்டியது போல.
முன்வரிசை காதைப் பொத்தியது.
ஓங்கி அடிப்பார் என்று நினைத்தேன்.
மெல்ல என்று எழுதிய இடத்தில் மெல்லத்தான் வாசித்தார்.
பதினேழு ஓய்விலும்
பதினேழு முறை ஓய்ந்தார்.
பியானோவின் காலோடு ஒட்டியிருந்த
என் முழங்காலுக்கு மட்டும் கேட்டது.
கடைசித் தாளைத் திருப்பினால்
அடியில், பென்சிலில், தமிழில்:
அவசரப்படாதே.
எனக்கா, தனக்கா, மழைக்கா.

முடிந்தது யாருக்கும் தெரியவில்லை.
எழுந்து குனிந்த பிறகு கைதட்டினார்கள்.
அதுவும் கேட்கவில்லை.

"ஒன்பதாம் பக்கம் கொஞ்சம் முந்திவிட்டாய்" என்றார்
குடையை விரித்துக்கொண்டே.
கொஞ்ச தூரம் போய்,
"மற்றபடி சரி."
ஐம்பது வெள்ளியைக் கமிட்டி மறந்துவிட்டது.

காலை ஏழு. முதல் லாரி பாலத்தில் ஏறியது.
நிறைந்து வருகையில் ஓர் எடை, காலியாய்ப் போகையில் ஓர் எடை.
கழித்தால் வருவதைத்தான் எழுதவேண்டும்.
சங்கு ஊதியது, மயிரிழை கீழே.
ரசீதை வாங்கிக்கொண்டு,
போகலாமா என்பதுபோல் பார்த்தான் டிரைவர்.
தாடையை அரை அங்குலம் இறக்கினேன்.
கிளம்பிவிட்டான்.